மதியம் வாடி மாலையில் நிமிரும் தக்காளி

வீட்டின் பின்புறம் பிளாஸ்டிக் கூரை போட்டு, சுற்றிலும் வலை கட்டி, பத்துத் தக்காளிச் செடிகள் வளர்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். செடிகள் இடுப்பளவு உயர்ந்து, முதல் கொத்தும் காய்த்துவிட்டது. ஒருநாள் மதியம் ஒரு செடியின் நுனி இலைகள் மட்டும் துவண்டு தொங்குகின்றன. வெயில் கடுமை என்று எண்ணி இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றுகிறீர்கள். மாலையில் செடி நிமிர்ந்துவிடுகிறது. நீங்களும் நிம்மதி அடைகிறீர்கள். ஆனால், சில நாள்களில் இலைகள் பச்சையாக இருக்கும்போதே செடி முழுவதும் சாய்ந்துவிடுகிறது. பிறகு பக்கத்துச் செடியும் அதே போல் தொங்குகிறது.

இது தாகம் அல்ல. பாக்டீரியா வாடல் நோயாக இருக்க வாய்ப்பு அதிகம்.

இதற்குக் காரணமான ரால்ஸ்டோனியா என்னும் நுண்ணுயிரியை 1896இல் அமெரிக்கத் தாவர நோயியல் அறிஞர் எர்வின் ஸ்மித் விவரித்தார். மண்ணில் வாழும் இது, வேரில் உள்ள சிறு காயங்கள் வழியாக உள்ளே நுழைகிறது. தண்டில் நீரை மேலேற்றும் நுண்குழாய்களை அடைந்து பல்கிப் பெருகி, பசை போன்ற பொருளைச் சுரந்து குழாய்களை அடைத்துவிடுகிறது. அடியில் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் அது இலைக்கு ஏறாது. மதிய வெயிலில் இலைகளுக்கு நீர் அதிகம் தேவைப்படுவதால், அடைப்பு முதலில் அந்த நேரத்தில்தான் தெரிகிறது.

25 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பமும் ஈர மண்ணும் இந்த நுண்ணுயிரிக்கு ஏற்றவை. நம் தாழ்நிலப் பகுதிகளில் ஆண்டு முழுவதும் இதே நிலைதான். குளிர்ச்சியான கேமரன் மலையில் தக்காளி செழிப்பதற்கும், சமவெளியில் அது திணறுவதற்கும் உள்ள காரணங்களில் இதுவும் ஒன்று.

சந்தேகத்தைத் தீர்க்க எளிய சோதனை உண்டு. வாடிய செடியின் அடித்தண்டில் விரல் நீளத் துண்டு ஒன்றை வெட்டுங்கள். கண்ணாடிக் குவளையில் தெளிந்த நீர் நிரப்பி, வெட்டிய முனை நீரில் மூழ்கும்படி துண்டை அசையாமல் பிடியுங்கள். சில நிமிடங்களில் பால் போன்ற வெண்ணிற இழைகள் கீழிறங்கினால் நோய் உறுதி. இழைகள் வராமல், அடியிலைகள் முதலில் மஞ்சளாகி இருந்தால், பூசணத்தால் வரும் பியூசேரியம் வாடலாக இருக்கலாம்.

நோய் உறுதியானால் மருந்து தேடி அலைய வேண்டாம். நுண்ணுயிரி தண்டுக்குள் இருப்பதால், மேலே தெளிக்கும் எதுவும் அதை எட்டாது. காய்கள் இருக்கின்றனவே என்று தயங்காமல், செடியைச் சுற்றியுள்ள மண்ணோடு தோண்டி எடுத்துப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். உரக்குழியில் போடாதீர்கள். அந்த இடத்திலிருந்து வழியும் நீர் மற்றச் செடிகளுக்குப் போகாமல் பாருங்கள். கத்தரிக்கோலையும் மண்வெட்டியையும் கழுவி, கிருமிநாசினியால் துடையுங்கள்.

நோய் வந்த மண்ணில் மிளகாய், கத்தரி, உருளைக்கிழங்கு ஆகியவற்றையும் நடாதீர்கள். அவையும் தக்காளியின் உறவுகளே. நுண்ணுயிரி மண்ணில் பல ஆண்டுகள் தங்கும். சோளம் பயிரிட்டால் அதன் எண்ணிக்கையைக் குறைக்கலாம்.

தேங்காய் நார்த்தூள் நிரப்பிய பைகளில் வளர்ப்பது இன்னொரு வழி. ஆனால், பைகளை வெறும் தரையில் வைத்தால் அடித்துளை வழியாக வேர் மண்ணுக்குள் இறங்கிவிடும். செங்கல் அல்லது தடித்த விரிப்பின் மேல் வையுங்கள்.

மண்ணில்தான் நட வேண்டும் என்றால் ஒட்டுக்கட்டுதல் கைகொடுக்கும். தைவானில் உள்ள உலகக் காய்கறி மையம், வாடலைத் தாங்கும் கத்தரி வகைகளின் வேரில் தக்காளியை ஒட்டும் முறையைப் பரிந்துரைக்கிறது. இரண்டு நாற்றுகளின் தண்டையும் சாய்வாக வெட்டி, சிறு ரப்பர் குழாயில் பொருத்தி, நிழலும் ஈரப்பதமும் உள்ள இடத்தில் ஏறக்குறைய ஒரு வாரம் வைத்தால் ஒட்டிக்கொள்ளும். அத்தகைய கத்தரி வேர், தேங்கிய நீரையும் ஓரளவு தாங்கும். நடும்போது ஒட்டிய இடம் மண்ணுக்கு மேலே இருக்கட்டும். அது புதைந்தால் தக்காளித் தண்டு தானே வேர்விட்டு, நோய்க்கு மறுபடியும் வழி திறந்துவிடும்.

கூரையையும் கவனியுங்கள். மழை இலையில் படாமல் அது காப்பதால் இலை நோய்கள் குறைகின்றன. ஆனால், கூரை தாழ்வாக இருந்தால் உள்ளே சூடு தேங்கும். பூக்கள் காய்க்காமல் உதிரும். கூரையை உயர்த்தி, உச்சியில் சூடு வெளியேற இடைவெளி விடுங்கள். வேர்ப்பகுதியில் வைக்கோல் பரப்பினால் மண்ணின் சூடு தணியும்.

அடுத்த முறை மதியத்தில் ஒரு செடி மட்டும் துவண்டால், வாளியை எடுப்பதற்கு முன் மண்ணைத் தொட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தும் செடி வாடினால், அதன் மீது ஒரு கண் இருக்கட்டும். மறுநாளும் அப்படியே துவண்டால், கண்ணாடிக் குவளையை எடுத்து வாருங்கள். ஒரு செடியை இழந்தாலும் மீதி ஒன்பதைக் காப்பாற்ற அப்போது வாய்ப்பு இருக்கும்.