மார்கிட்டிடம் தோற்றுக்கொண்டிருப்பவர்களுக்கு

கல்லணைக் கால்வாயின் கடைமடை ஊரான பேராவூரணிக்குக் கல்லூரி விடுமுறையில் வரும் பையன்கள் லேப்டாப்போடு ஒரு புலம்பலையும் சேர்த்தே கொண்டுவருகிறார்கள். "அண்ணே, எல்டன் ரிங்ல மார்கிட்டத் தாண்டவே முடியலண்ணே. ரெண்டே அடி, ஆளு காலி." பட்டுக்கோட்டை, அறந்தாங்கிப் பையன்களைக் கேட்டாலும் இதே பாட்டுதான். அவர்களுக்கும், அவர்கள் எதற்காக இப்படிப் பல்லைக் கடிக்கிறார்கள் என்று புரியாமல் விழிக்கும் வீட்டாருக்கும் சேர்த்துத்தான் இந்த விளக்கம்.

எல்டன் ரிங், ஜப்பானின் ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனம் உருவாக்கிய, 2022 பிப்ரவரி 25 அன்று வெளிவந்த ரோல் பிளேயிங் கேம். இயக்கியவர் ஹிடேடகா மியாசாகி. அந்த உலகத்தின் பூர்வகதையை எழுதிக்கொடுத்தவர், 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' புகழ் ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டின். 2009இல் டீமன்ஸ் சோல்ஸ், 2011இல் டார்க் சோல்ஸ் என்று இந்த நிறுவனம் போட்டுவைத்த பாதையில் வந்த கேம் இது. ஈஸி, ஹார்டு என்று தேர்ந்தெடுக்கும் வசதியே கிடையாது. எதிரிகளை வீழ்த்தினால் ரூன் கிடைக்கும். லெவல் ஏற்றுவது, பொருள் வாங்குவது எல்லாம் அந்த ரூனில்தான். செத்தால் கையிலிருந்த ரூன் மொத்தமும் விழுந்த இடத்திலேயே கிடக்கும். போய் எடுத்துக்கொள்ளலாம். எடுப்பதற்குள் மறுபடி செத்தால் போனது போனதுதான்.

மார்கிட், ஸ்டார்ம்வெயில் கோட்டை வாசலுக்கு முன்னால் நிற்கும் முதல் பெரிய பாஸ், அதாவது தலைமை எதிரி. ஆரம்பத்தில் ஆடுகிறவர்களில் பெரும்பாலோர் முட்டி நிற்பது இவனிடம்தான். "எனக்குக் கை வேகம் பத்தாது" என்பார்கள். நான் அதை ஒத்துக்கொள்வதில்லை. இந்தக் கேமில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் ஆசையும் பதற்றமும்தான். இன்னும் ஒரு அடி அடித்துவிடலாம் என்ற ஆசை. அடி விழுந்ததும் எல்லாப் பட்டனையும் சேர்த்து அமுக்கும் பதற்றம். மார்கிட்டை வடிவமைத்தவர்கள் இந்த இரண்டையும் நன்றாகத் தெரிந்துவைத்துக்கொண்டே அவனைச் செய்திருக்கிறார்கள்.

அவன் தடியை ஓங்குவதைப் பாருங்கள். தூக்குவான், தூக்கிய இடத்திலேயே ஒரு கணம் நிறுத்துவான், பிறகுதான் இறக்குவான். புதிதாக ஆடுகிறவர் தடி மேலே போனதுமே ரோல் அடித்துவிடுவார். உருண்டு எழுந்து நிற்கும் சமயத்தில் சரியாகத் தலையில் இறங்கும். மற்ற கேம்களில் பழகிய கைக்கு வைத்த பொறி இது. தடி மேலே போகும்போது ஒன்றும் செய்யாதீர்கள். கீழே வரத் தொடங்கும்போதுதான் ரோல்.

எந்த அடிக்கும் மூன்று கட்டம் உண்டு: ஓங்குவது, அடிப்பது, அடித்தபின் சுதாரிப்பது. நீங்கள் திருப்பி அடிக்க வேண்டியது மூன்றாவதில். அதில் எத்தனை அடிக்கு நேரம் இருக்கிறது என்பது அந்தந்தத் தாக்குதலைப் பொறுத்தது. எம்பிக் குதித்துத் தடியைத் தரையில் இறக்கினான் என்றால் இரண்டு அடி தாராளமாக வைக்கலாம். கையிலிருந்து பொன்னிறக் கத்தியை எடுத்து வீசினான் என்றால் ஒன்றோடு நிறுத்திக்கொள்வது நல்லது, சமயத்தில் அதுகூட வேண்டாம். அவன் ஹெல்த் கணிசமாகக் குறைந்ததும் பெரிய பொன்னிறச் சுத்தியல் ஒன்றும் வந்து சேரும். அப்போது காம்போ, அதாவது அடுத்தடுத்து வரும் அடிகளின் தொடர், நீளும், அவன் முடித்துவிட்டான் என்று நினைக்கும் இடத்தில் இன்னொரு அடி பாக்கி இருக்கும்.

எங்கள் பக்கத்துச் சிலம்ப ஆசான்கள் புதிதாக வரும் பிள்ளைக்கு எடுத்தவுடன் வீச்சு சொல்லித்தருவதில்லை. முதலில் காலடி. கால் எங்கே போக வேண்டும் என்பது பழகிய பிறகுதான் கம்பு கைக்கு வரும். இங்கேயும் நான் சொல்வது அதையேதான். முதல் சில ஆட்டங்களில் மார்கிட்டை ஒரு அடிகூட அடிக்காதீர்கள். உள்ளே போய் ரோல் மட்டும் அடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் உயிரோடு நிற்கிறீர்கள் என்று பாருங்கள். கண் உங்கள் ஆளின் மேல் இருக்க வேண்டாம். அவன் தோளிலும் கையிலும் இருக்கட்டும். போகுமுன் கையிலுள்ள ரூனையெல்லாம் லெவலுக்கோ பொருளுக்கோ செலவழித்துவிட்டால் செத்தாலும் இழக்க ஒன்றுமில்லை. பாதிப் பதற்றம் அதிலேயே குறைந்துவிடும்.

ரோல் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் இன்னும் சுலபம். உருளத் தொடங்கியதிலிருந்து அரை வினாடிக்கும் குறைவான நேரம் உங்கள் மேல் எந்த அடியும் படாது. ஆயுதம் உடம்பின் ஊடாகவே கடந்துபோகும். ஆகவே பின்னால் ஓட வேண்டிய அவசியமில்லை. பின்னால் உருண்டால் தடியின் நுனி துரத்திவந்து அடிக்கும். அவனை நோக்கி, அவன் பக்கவாட்டில் உருண்டால் அடி காற்றில் போய்விடும், நீங்களும் அவன் முதுகுப் பக்கம் வந்து நிற்பீர்கள். துணிச்சல் வர நாளாகும். வந்துவிட்டால் கேமே வேறு மாதிரித் தெரியும்.

பலர் கவனிக்காத ஒன்று: ஓடுவதற்கும் உருள்வதற்கும் ஒரே பட்டன். கீபோர்டில் ஸ்பேஸ் பார், பிளேஸ்டேஷன் கண்ட்ரோலரில் வட்டம். அமுக்கிப் பிடித்தால் ஓட்டம் என்பதால், விரலை எடுத்தால்தான் ரோல் விழும். அழுத்தமாக அமுக்குகிறவருக்கு ரோல் எப்போதும் ஒரு நூலளவு தாமதமாகவே வரும். தட்டி எடுங்கள். இன்னொன்று, நீங்கள் அமுக்கியதைக் கேம் மறக்காது. அடி வாங்கித் தள்ளாடும்போது ரோல் பட்டனைப் படபடவென்று தட்டினால், நிதானம் திரும்பியதும் உங்கள் ஆள் தேவையில்லாமல் ஒரு தடவை உருள்வார், நேரே அடுத்த அடிக்குள் போய் விழுவார். அடி வாங்கினால் கையை எடுத்துவிடுங்கள். ஒரு மூச்சு விட்டபின் தொடுங்கள்.

ரோலின் தரம் சுமையைப் பொறுத்தது. உங்களால் தாங்கக்கூடிய எடையில் 70 சதவீதத்தைத் தாண்டினால் உங்கள் ஆள் அரிசி மூட்டை மாதிரி உருள்வார். எக்விப்மெண்ட் திரையில் 'மீடியம் லோடு' என்று இருக்கிறதா என்று பாருங்கள். 'ஹெவி' என்று இருந்தால் தலைக்கவசத்தையோ கேடயத்தையோ கழற்றுங்கள். அழகுக்காகக் கனத்த கவசம் மாட்டிக்கொண்டு மார்கிட்டைத் திட்டுவதில் நியாயமில்லை.

ஹெல்த்துக்குக் கீழே உள்ள பச்சைக்கோடு ஸ்டாமினா. அடிப்பதற்கும் உருள்வதற்கும் அடியைக் கேடயத்தில் தாங்குவதற்கும் அதிலிருந்துதான் செலவாகும். மொத்தத்தையும் அடிப்பதிலேயே தீர்த்துவிட்டால் தப்பிக்க மிச்சமிருக்காது; ஒரு ரோலுக்கு எப்போதும் வைத்துக்கொள்ளுங்கள். கேடயத்தை உயர்த்தியபடியே நின்றால் பச்சைக்கோடு ஏறுவதும் மெதுவாகிவிடும். இடைவெளி கிடைக்கும்போது இறக்கிவிட வேண்டும்.

மருந்துக் குடுவையை எப்போது குடிப்பது? இங்கே மார்கிட்டின் தந்திரத்தைப் பாராட்டத்தான் வேண்டும். நீங்கள் குடுவையைத் தூக்கினால் அவன் கத்தி வீசுகிறான். தூரத்தில் நின்றாலும் வந்து சேரும். அவன் பெரிய காம்போ ஒன்றை முடித்துச் சுதாரிக்கும் அந்த நேரத்தை, அடிப்பதற்குப் பதில் குடிப்பதற்குச் செலவழியுங்கள். ஆரம்பத்தில் மூன்று சிவப்பும் ஒரு நீலமுமாக நான்கு குடுவை இருக்கும். மந்திரமும் சிறப்புத் தாக்குதலும் பயன்படுத்தாதவருக்கு நீலம் எதற்கு? கிரேஸ் என்னும் ஓய்விடத்தில் உட்கார்ந்து அதையும் சிவப்பாக மாற்றிக்கொள்ளலாம். கோல்டன் சீடுகளைத் தேடிச் சேர்த்தால் மொத்தம் 14 வரை போகும்.

லெவல் விஷயத்துக்கு வருவோம். புதியவர்கள் எல்லாப் புள்ளிகளையும் ஸ்ட்ரெங்த்திலும் டெக்ஸ்டெரிட்டியிலும் கொட்டுகிறார்கள். இரண்டே அடியில் சாவதற்கு அதுதான் காரணம். விகர்தான் ஹெல்த். விகர் 10 இருந்தால் ஹெல்த் 414, 25இல் 800, 40இல் 1450, 60இல் 1900. அதற்குப் பிறகு 99 வரை போனாலும் 2100தான், ஆகவே 60க்கு மேல் போடுவது வீண். மார்கிட்டிடம் போகுமுன் 20ஐயாவது தாண்டிவிடுங்கள். நான்காவது அடிக்கு உயிரோடு இருக்கிறவருக்குத்தான் ஐந்தாவது அடியைப் பார்த்துப் படிக்க வாய்ப்பு.

அடியின் வலுவுக்கு லெவலைவிட ஆயுதத்தை மேம்படுத்துவதே சீக்கிரம் பலன் தரும். லிம்கிரேவ் டனல்ஸ் என்ற சுரங்கத்தில் அதற்குத் தேவையான ஸ்மித்திங் ஸ்டோன் கிடைக்கும். சர்ச் ஆஃப் எல்லெயில் உள்ள பட்டறைக் கல்லிலேயே ஆயுதத்தை +3 வரை ஏற்றலாம். அதே இடத்தில், டாரண்ட் குதிரை கிடைத்தபின் திரும்பிப் போனால், ரென்னா என்ற பெண் ஆவிகளை அழைக்கும் மணியையும் மூன்று ஓநாய்களையும் தருவாள். மார்கிட் ஓநாய்கள் பக்கம் திரும்பும் நேரம் உங்களுக்கு லாபம். பாஸின் வாசலுக்கு அருகே ரோஜியர் என்ற மந்திரவாதியையும் துணைக்கு அழைக்கலாம். பேட்ச்சஸ் என்ற வியாபாரி 5000 ரூனுக்கு விற்கும் 'மார்கிட்ஸ் ஷேக்கிள்', சண்டையின் முதல் கட்டத்தில் இரண்டு தடவை அவனைத் தரையோடு கட்டிப்போடும்.

இதெல்லாம் ஏமாற்று வேலை, தனியாக அடித்தால்தான் ஆண்மை என்று ஒரு கூட்டம் பேசும். கேமைச் செய்தவர்களே வைத்த மணியை அடிப்பதில் என்ன ஏமாற்று? 2022இல் 'லெட் மீ சோலோ ஹெர்' என்ற பெயரில் ஒருவர், தலையில் ஒரு ஜாடி, இடுப்பில் ஒரு துணி, கையில் இரண்டு கட்டானா, இவ்வளவோடு மற்றவர்களின் ஆட்டத்துக்குள் போய் மலேனியாவை அவர்களுக்காகத் தனியாக வீழ்த்திக்கொடுத்தார். இந்தக் கேமிலேயே கொடூரமான பாஸ் என்று பெயர் வாங்கியவள் அவள். உங்களை அடிக்கும்போதெல்லாம் அவள் ஹெல்த் ஏறும். ஆயிரத்துக்கும் மேற்பட்ட முறை அவளை முடித்தவருக்கு, கேமை வெளியிட்ட பண்டாய் நாம்கோ நிறுவனம் நிஜ வாள் ஒன்றைப் பரிசாக அனுப்பியது. உதவி கேட்டவர்களை யாரும் இளக்காரமாகப் பார்க்கவில்லை. ஆனால் கணக்கு ஒன்று உண்டு: இணையம் வழியாக இன்னொரு மனிதரை அழைத்தால் பாஸின் ஹெல்த்தும் கூடும். ஓநாய்களை அழைத்தால் கூடாது.

எதுவும் பலிக்கவில்லையா, விட்டுவிட்டு வேறு பக்கம் போங்கள். தெற்கே வீப்பிங் பெனின்சுலா முழுக்க உங்கள் லெவலுக்கு ஏற்ற எதிரிகளும் பொருளும் இருக்கின்றன. கேமின் தொடக்கத்திலேயே குதிரையில் சுற்றும் ட்ரீ சென்டினலை நிறுத்தியிருப்பதே, முடியாத சண்டையை ஒதுக்கிவைத்துப் பிறகு வரலாம் என்று பழக்கத்தான். தூங்கி எழுந்தும் ஆடிப் பாருங்கள். விரல் பழக்கம் தூக்கத்துக்குப் பின் மெருகேறுவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ராத்திரி இரண்டு மணிக்கு ஆத்திரத்தில் ஆடும் ஆட்டத்தில் ஒன்றும் ஏறாது.

கருவியைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். குறைந்தபட்சம் ஐ5-8400 ரக ப்ராசசர், 12 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 1060 ரக கிராபிக்ஸ் கார்டு, 60 ஜிபி இடம் கேட்கிறது இந்தக் கேம். அரசு தந்த இலவச லேப்டாப்பில் ஓடாது. சுமாரான லேப்டாப்பில் ஓடினாலும் படம் திக்கித் திக்கி வந்தால் ரோல் நேரம் தப்பும். அழகைக் குறைத்து வேகத்தை வைத்துக்கொள்ளுங்கள், கேமின் உச்சமே வினாடிக்கு 60 பிரேம்தான். டிவியில் ஆடுகிறவர்கள் 'கேம் மோடு' போட வேண்டும், இல்லாவிட்டால் பட்டன் அமுக்கியதும் திரையில் தெரிவதும் ஒத்துவராது. நம் ஊரில் மாதாந்திரப் பராமரிப்புக்கு நிறுத்தும் கரண்டாவது சொல்லிவிட்டுப் போகும், மழைக்காலத்தில் சொல்லாமல் போகும். கேம் தானாகவே சேமித்துக்கொண்டே இருக்கும் என்றாலும், எழுதும் நொடியில் மின்சாரம் போனால் கோப்பு கெட்டுப்போக வாய்ப்புண்டு. சேவ் கோப்பை அவ்வப்போது வேறு இடத்தில் நகல் எடுத்துவையுங்கள்.

மார்கிட் விழுந்ததும் கோட்டை முன்வாசலில் நேரே ஓடாதீர்கள். அங்கே வீரர்களும் ராட்சத அம்புப் பொறிகளும் காத்திருக்கின்றன. வாசற்காவலன் காஸ்டாக் பக்கவழி ஒன்றைக் காட்டுவான், அதில் போங்கள். ஆனால் அவனை முழுக்க நம்ப வேண்டாம். கோட்டைக்குள் நீங்கள் சாகும் ஒவ்வொரு தடவையும் கீழே விழும் ரூனில் ஒரு பங்கைச் சுருட்டுகிறவன் அவன்தான்.