இணைய வழி ஏலத்தில் விளைபொருளை விற்கும் முறை

மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டினால் கையை மூடி, விரலைத் தொட்டு விலை பேசும் வழக்கத்தைக் காணாத குடியானவர் இரார். துண்டின் அடியில் என்ன விலை பேசப்பட்டது என்பது சில சமயங்களில் மாட்டுக்குச் சொந்தக்காரருக்கே தெரிவதில்லை. விளைபொருள் வியாபாரமும் நெடுங்காலம் இதற்கு அதிக வித்தியாசமின்றியே நடந்துவந்தது. எடையிற் குறைவு, தரகு, மகமை, சாம்பிள் என்று அள்ளிக்கொள்ளும் சரக்கு ஆகிய இவை யாவும் விவசாயியின் தலையிலேயே விழுந்தன. இக்குறைகளை நீக்கும் பொருட்டு 1933-ம் வருஷத்தில் சென்னை வர்த்தகப் பயிர்கள் மார்க்கெட் சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி 1936-ல் திருப்பூரில் முதல் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் ஏற்பட்டது. வியாபாரிகள் தத்தம் விலையைச் சீட்டில் எழுதிப் பெட்டியிலிடும் மறைமுக ஏலம் இக்கூடங்களில் வழக்கமாயிற்று. துண்டைக் காட்டிலும் சீட்டு மேலானது என்பதில் ஐயமில்லை. ஆயினும், அன்றைய தினம் கூடத்திற்கு நேரில் வந்தவர்கள் மட்டுமே சீட்டெழுத முடியும். வந்தவர்கள் நால்வரேயாகி, அந்நால்வரும் தமக்குள் ஒருமனப்பட்டுவிட்டால் சீட்டினால் யாதொரு பயனும் இல்லை.

வாங்குவோரின் தொகையைப் பெருக்குவதே இதற்குப் பரிகாரம். இந்நோக்கத்துடன் மத்திய சர்க்கார் 2016-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 14-ந் தேதி ‘இ-நாம்’ என்னும் தேசிய மின்னணு வேளாண் சந்தையைத் தொடங்கினர். முதலில் எட்டு மாநிலங்களில் 21 சந்தைகளே சேர்ந்திருந்தன. 2020-ம் வருஷம் மே மாதத்திற்குள் அத்தொகை ஆயிரமாயிற்று. இதிற் சேர விரும்பும் மாநிலம் மூன்று சீர்திருத்தங்களைச் செய்துகொள்ள வேண்டும்: மாநிலம் முழுவதற்கும் செல்லும் ஒரே வியாபார உரிமம், சந்தைக் கட்டணத்தை ஒரே இடத்தில் வசூலித்தல், மின்னணு ஏலத்திற்குச் சட்டப்படி இடமளித்தல் என்பன அவை. ஆகவே வெளியூர் வியாபாரியும் தம் கடையிலிருந்தபடியே கைப்பேசியின் மூலம் விலை கோரலாம். கோரப்பட்ட விலைகளுள் உயர்ந்ததை யந்திரமே தெரிவிக்கிறபடியால், ஏலம் கூறுபவரின் விருப்பு வெறுப்புக்கு இடமில்லை.

விற்பனை நடைபெறும் விதம் பின்வருமாறு. ஆதார் அட்டை, வங்கிப் புத்தகம், கைப்பேசி எண் ஆகியவற்றுடன் விவசாயி தம் பெயரை ஒரு முறை பதிவு செய்துகொள்ள வேண்டும். இதற்குக் கட்டணமில்லை. சரக்கு கூடத்தின் வாயிலுக்கு வந்ததும் அதன் வகையும் உத்தேச எடையும் குறிக்கப்பட்டு ‘லாட்’ எண் கொடுக்கப்படும். பின்னர் தரம் சோதித்தல், ஏலம், விலை அறிவிப்பு, எடை, பட்டியல், பணம் செலுத்துதல் என்று ஒன்றன்பின் ஒன்றாக நடைபெறும். சரக்குக்கு விற்பனைக்கூடம் வசூலிக்கும் சந்தைக் கட்டணம் வாங்குபவரைச் சேர்ந்ததேயன்றி விற்பவரைச் சேர்ந்ததன்று.

இவற்றுள் விவசாயிகள் மிக அலட்சியமாய்க் கருதுவதும், ஆனால் விலையை உள்ளபடி நிர்ணயிப்பதும் தரச் சோதனையே. நூறு மைலுக்கு அப்பாலிருக்கும் வியாபாரி கொப்பரையை உடைத்துப் பார்க்க முடியாது. மணிலாக் கொட்டையைக் கையில் நசுக்கிப் பார்க்கவும் முடியாது. சோதனைச் சீட்டில் கண்ட ஈரப்பதமும், கலப்பின் அளவும், உடைந்தவற்றின் விகிதமுமே அவருக்குக் கண்கள். சீட்டு இல்லாத லாட்டுக்கு அவர் விலை கோருவதில்லை. கோரினாலும், தமக்கு நஷ்டம் வராதபடி வெகுவாகக் குறைத்தே கோருவார். அப்பொழுது பழைய நால்வரே மிஞ்சுவர். மின்னணு ஏலத்தினால் யாதொரு பயனுமில்லை என்று குறை கூறுவோரிற் பலர், ‘நேரமாகிறது’ என்று சோதனையைத் தவிர்த்துவிட்டு வந்தவர்களாகவே இருப்பர். ஏலக்காய் வியாபாரத்தில் இவ்விஷயம் நன்கு உணரப்பட்டிருக்கிறது. போடிநாயக்கனூரில் விலை கோருவது கணினியின் மூலமே எனினும், ஒவ்வொரு லாட்டின் மாதிரியும் வாங்குவோரின் கைக்குச் சென்ற பின்னரே விலை பேசப்படுகிறது.

சோதனைக்கு எடுக்கும் மாதிரி மூட்டையின் வாயிலிருந்து மட்டும் எடுக்கப்படலாகாது. மேல், நடு, அடி ஆகிய மூன்று இடங்களிலிருந்தும், பல மூட்டைகளிலிருந்தும் எடுத்துக் கலக்க வேண்டும். அச்சமயம் விவசாயி அருகிலிருப்பது நலம். வீட்டிலேயே நன்கு உலர்த்திக் கொணர்ந்தால் பாதி வேலை முடிந்தது. சர்க்காரின் ஆதரவு விலைக் கொள்முதலில் அரவைக் கொப்பரைக்கு 6 சதவீதமும், மணிலாவுக்கு 8 சதவீதமும் ஈரம் உச்ச வரம்பாக வைக்கப்பட்டிருக்கின்றன. தனி வியாபாரிகளும் ஏறக்குறைய இவற்றையே மனத்திற் கொண்டு விலை வைப்பர்.

இரண்டாவது, நல்லதையும் தாழ்ந்ததையும் ஒரே லாட்டாகக் கலக்கலாகாது. உதாரணமாக, ஒருவரிடம் 3,000 கிலோ கொப்பரை இருக்கிறதென்றும், அதில் 600 கிலோ ஈரமும் பூசணமும் பிடித்ததென்றும் வைத்துக்கொள்வோம். நல்லதற்குக் கிலோ 100 ரூபாயும் தாழ்ந்ததற்கு 80 ரூபாயும் கிடைக்கக்கூடுமாயின், பிரித்து விற்றால் வருவது 2,88,000 ரூபாய். கலந்துவிட்டாலோ, வாங்குபவர் தாழ்ந்தது எவ்வளவு என்று அறியாமையால் 90 ரூபாய்க்கு மேல் துணியமாட்டார்; அப்பொழுது வருவது 2,70,000. பிரிப்பதற்கு இரண்டு ஆட்கூலி செலவாகும். பதினெட்டாயிரம் ரூபாய்க்கு இது பெரிய செலவன்று. அடியில் ஈரச் சரக்கை வைத்து மேலே நல்லதைப் பரப்பும் தந்திரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டுவதில்லை. எடை போடும்போது அது வெளியாகும்; அடுத்த முறை அவ்வூர் சரக்குக்கே விலை இறங்கும்.

மூன்றாவது விஷயம் பெரும்பாலோர் அறியாதது. ஏலத்தில் வந்த உயர்ந்த விலையை விவசாயி ஏற்கத்தான் வேண்டும் என்ற கட்டாயமில்லை. விலை அறிவிக்கப்பட்டபின், சம்மதமில்லையெனில் மறுத்து, சரக்கை மறுநாள் ஏலத்திற்கு வைக்கலாம். கிடங்கில் இருத்தவும் செய்யலாம். ஆனால் மறுப்பதற்கும் ஆதாரம் வேண்டும். இ-நாம் செயலியில் பக்கத்துச் சந்தைகளின் விலைகளைத் தமிழிலேயே பார்க்கலாம். அதைப் பாராமல், சென்ற வருஷம் பக்கத்து வீட்டுக்காரர் பெற்ற விலையை நினைத்து மறுப்பவர், வண்டிச் சத்தத்தை இருமுறை கொடுத்து முன்னதிலும் குறைந்த விலைக்கு விற்க நேரும்.

உள்ளபடி பலருக்கு மறுக்கும் உரிமை ஏட்டளவிலேயே இருக்கிறது. விதைப்புக் காலத்தில் வியாபாரியிடம் முன்பணம் வாங்கியவருக்கு ஏலம் எங்கு நடந்தால் என்ன? சரக்கு களத்திலிருந்தே கடன் கொடுத்தவரின் வண்டியில் ஏறிவிடும். எந்த யந்திரமும் இந்த முடிச்சை அவிழ்க்காது. விற்பனைக்கூடங்களின் கிடங்கில் சரக்கை இருத்தி அதன்மேற் பெறும் பொருளீட்டுக் கடனைப் பற்றி அறுவடைக்கு முன்னரே விசாரித்து வைத்துக்கொள்வது இவர்களுக்கு ஓரளவு உதவும். விலை ஏறும் வரையில் காத்திருக்கும் சக்தியில்லாதவருக்கு ஏலத்தில் பங்கில்லை. கிராம அதிகாரிகள் இவ்விஷயத்தில் செய்யக்கூடியது அதிகம். ஆதாரிலும் வங்கிப் புத்தகத்திலும் பெயர் வேறுபட்டிருப்பதனால் பணம் தடைப்படுவது சாதாரணமாய் நிகழ்கிறது. அறுவடைக்கு முன்பே இத்தகைய பிழைகளைத் திருத்திக்கொள்ளும்படி அவர்கள் எடுத்துச் சொன்னால் பெரிய உபகாரமாகும்.

ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தின் ஏலம் இவ்வாறிருக்க, பழைய எண்ணெய் எஞ்சின், டிராக்டர், கறவை மாடு முதலியவற்றைத் தனியார் இணையத்தளங்களில் விளம்பரம் செய்து விற்போரும் இப்பொழுது பெருகியுள்ளனர். இங்கே நடுவில் நின்று பொறுப்பேற்பார் எவருமில்லை. விளம்பரம் வெளியானவுடன் ஒருவர் பேசுவார். தாம் ராணுவத்தில் இருப்பதாகவும், பொருளைப் பாராமலே கேட்ட விலைக்கு வாங்குவதாகவும் கூறி, முன்பணம் அனுப்புவதற்கென ஒரு கியூஆர் கட்டத்தை அனுப்பி, அதைக் கைப்பேசியிற் காட்டி ரகசிய எண்ணை இடச் சொல்வார். இட்ட மாத்திரத்தில் பணம் வருவதற்குப் பதிலாக விற்பவரின் கணக்கிலிருந்து போய்விடும். பணம் பெறுவதற்கு ரகசிய எண் ஒருபோதும் வேண்டுவதில்லை. கொடுப்பதற்கு மட்டுமே வேண்டும். பேரம் பேசாமலே கேட்ட விலைக்கு ஒப்புக்கொள்பவரை ஐயுறுவது சந்தைக்குப் போய்ப் பழகிய எவருக்கும் இயல்பே. கைப்பேசியிலும் அவ்வியல்பை விடவேண்டுவதில்லை. ஏமாற்றம் நேர்ந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல், உடனே 1930 என்னும் எண்ணில் புகார் செய்ய வேண்டும். தாமதிக்குந்தோறும் பணம் வேறு வேறு கணக்குகளுக்கு மாறிக்கொண்டே போகும்.

கூடத்தில் விற்ற சரக்கைப் பொறுத்தமட்டில், பட்டியலிற் கண்ட எடையும் விலையும் லாட் எண்ணும் தம்மிடமுள்ள சீட்டுடன் ஒத்திருக்கின்றனவா என்று பார்த்து, பணம் தம் கணக்கில் சேர்ந்த செய்தி வந்த பின்னரே காலிச் சாக்குகளை வண்டியில் ஏற்ற வேண்டும்.