பிதுக்க ஆள் இல்லை

மூடிய சட்டிக்குள் கொதிப்பது ஆட்டுக்கறியா வேறு ஏதாவதா என்று வாசனையை வைத்துச் சொல்ல முடியாத குழம்பு ஒன்று கிருஷ்ணகிரிப் பக்கம் உண்டு. பட்டை, கிராம்பு, சோம்பு, கசகசா, தேங்காய், வரமிளகாய், தனியா, சின்ன வெங்காயம், இஞ்சி, பூண்டு என்று கறிக்குழம்புக்கு அரைப்பதையெல்லாம் இதற்கும் அரைக்கிறார்கள். சட்டிக்குள் விழுவது மட்டும் வேறு. அது தோல் உரித்த அவரைக்கொட்டை, அதாவது பிதுக்கம்பருப்பு.

நாகரசம்பட்டி, போச்சம்பள்ளி, காவேரிப்பட்டணம் வட்டாரத்தில் கறி இல்லாமல் சோறு இறங்காது என்கிறவர்களையும் மறுசோறு கேட்க வைக்கிற குழம்பு இது. கறி பிடித்த குடும்பத்தில் கறியைக் குறைப்பது எப்படி என்று எழுத உட்கார்ந்தால், இந்தப் பகுதியில் பேச்சு இந்தச் சட்டியில்தான் வந்து நிற்கிறது.

ஏன் குறைக்க வேண்டும் என்பதை இங்கே விரித்துச் சொல்லத் தேவையில்லை. ரத்தப் பரிசோதனைச் சீட்டோடு மருத்துவமனை வாசலில் உட்கார்ந்த எல்லாருக்கும் அது தெரியும். எப்படி என்பதுதான் சிக்கல். 2014-இல் மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின் அடிப்படை ஆய்வு, 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் எத்தனை பேர் அசைவம் சாப்பிடுகிறார்கள் என்று மாநிலவாரியாக எண்ணியது. தமிழ்நாட்டுக் கணக்கு 97.65 சதவீதம். ஓசூர் தாண்டினால் வரும் கர்நாடகத்தில் ஐந்தில் ஒருவர் சைவம். எல்லைக்கு இந்தப் பக்கம் நாற்பதில் ஒருவரைக் காண்பதே பெரிது. வெள்ளிக்கிழமை குந்தாரப்பள்ளியிலும் ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளியிலும் கூடுகிற ஆட்டுச் சந்தைகளுக்குத் தீபாவளி வாரத்தில் போய்ப் பார்த்தவர்களுக்கு இந்தப் புள்ளிவிவரம்கூடத் தேவைப்படாது. இப்படிப்பட்ட மண்ணில் 'நாளை முதல் சைவம்' என்று சொல்லிப் பார்ப்பது வீண் வேலை.

ஆனால் இதே மண் வருடத்தில் ஒரு மாதம் கறியைத் தொடுவதில்லை. புரட்டாசி பிறந்ததும் பெருமாளுக்குத் தாசன் கட்டிக்கொண்ட குடும்பங்களில் நாமம் ஏறுகிறது, சனிக்கிழமை தளிகை நடக்கிறது, கறிப் பாத்திரம் பரணுக்குப் போகிறது. கோழிப் பண்ணைக் கொள்முதல் விலை அந்த மாதத்தில் இறங்குவது வருடா வருடம் செய்தியாகிறது. ஞாயிற்றுக்கிழமை நல்லி எலும்பு இல்லையென்றால் முகம் தூக்கிவைத்துக்கொள்கிற மனிதர்தான் முப்பது நாளும் ரசமும் பொரியலுமாகச் சத்தமில்லாமல் சாப்பிட்டு எழுந்திருக்கிறார். நாக்கு அடங்காது என்பது பொய் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். வீடு முழுக்கச் சேர்ந்து நிறுத்துகிறது. நிறுத்தியதற்கு ஒரு கடைசி நாளும் இருக்கிறது. கறி எடுக்கலாமா வேண்டாமா என்று யாரும் தினமும் வாக்குவாதம் செய்ய வேண்டியதில்லை, நாள்காட்டி முடிவு செய்துவிட்டது. செவ்வாய், வெள்ளி, அமாவாசை, கிருத்திகை என்று பாட்டிகள் காலத்தில் கடைப்பிடித்ததையெல்லாம் கூட்டிப் பார்த்தால் மாதத்தில் மூன்றில் ஒரு பங்கு தானாகவே கழிந்திருக்கும். ஐப்பசி முதல் ஞாயிறு கறிக்கடையில் நிற்கிற வரிசை முழு மாதத்துக்கும் வட்டியோடு வசூல் செய்துவிடுகிறது என்பது வேறு கதை.

அப்படியானால் மற்ற பதினொரு மாதத்தில் கறி கூடியது எதனால்? கேட்டால் எல்லாரும் ஆண்களின் நாக்கையும் பிள்ளைகளின் அடத்தையும் காட்டுவார்கள். அடுப்படிக் கடிகாரத்தை யாரும் காட்டுவதில்லை.

முன்பு வீட்டில் கோழி அடித்தால் அது ஒரு நாள் வேலை. நாட்டுக்கோழியைப் பிடித்து, அறுத்து, பொங்கி, மஞ்சள் தடவி, வாட்டி, நறுக்கி வேகவைப்பதற்குள் பொழுது சாயும். ஐந்தாறு வாரத்தில் இரண்டு கிலோ தேறுகிற பிராய்லர் வந்ததும் அந்த வேலை முழுவதும் கடைக்காரரின் மரக்கட்டைக்குப் போய்விட்டது. நாட்டில் உற்பத்தியாகும் இறைச்சியில் ஏறக்குறைய பாதி இன்று கோழிதான். தோல் உரித்து, துண்டு போட்டு, பையில் கட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். பாக்கெட் மசாலாவைக் கொட்டினால் அரை மணியில் குழம்பு. சாயங்கால ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்குகிற பெண்ணுக்கு இதைவிடச் சுலபமான சமையல் கிடையாது. சாம்பாருக்குக் காய் நறுக்குவதுகூட இதைவிட அதிக வேலை. ஒரு காலத்தில் விருந்தாக இருந்த கறி இங்கே அவசரச் சாப்பாடாக மாறியிருக்கிறது. கறியைக் குறைக்கச் சொல்லும் அறிவுரைகள் எல்லாம் தடுக்கி விழும் இடம் இதுதான் என்பது இக்கட்டுரையின் எண்ணம்.

பிதுக்கம்பருப்பை இந்தக் கடிகாரத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பச்சை அவரைக்காயை உடைத்துக் கொட்டையை எடுக்க வேண்டும். தண்ணீரில் ஊறப் போட வேண்டும். பெரும்பாலும் முதல் நாள் ராத்திரியே. காலையில் ஒவ்வொரு கொட்டையாகக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து ஓர் அழுத்து. வழுக்கிக்கொண்டு பருப்பு வெளியே பாயும், தோல் விரலில் தங்கும். குழந்தைகளுக்கு முதல் பத்துக் கொட்டை வரைக்கும் இது விளையாட்டு. ஐந்து பேர் சாப்பிடத் தேவையான அளவைத் தனியாளாகப் பிதுக்கி முடிப்பதற்குள் விரல் நுனி வெளிறிச் சுருங்கிப் போகும். அதற்குப் பிறகு வேகும் நேரம் கொஞ்சம்தான். தோல் போன பருப்பு சீக்கிரம் குழையும். உழைப்பு முழுவதும் அடுப்புக்கு வெளியே, விரலில்.

அந்த விரல்கள் இப்போது எங்கே இருக்கின்றன? ஓசூரில் 1970-களில் வந்த சிப்காட் தொழிற்பேட்டை, பின்னால் போச்சம்பள்ளியிலும் வந்தது. காலணி தைக்கும் ஆலை, மின்னணுப் பாகம் கோக்கும் ஆலை, முழுக்கப் பெண்களைக் கொண்டே இயங்கும் என்று 2021-இல் அறிவிக்கப்பட்ட மின்ஸ்கூட்டர் ஆலை என்று இந்த மாவட்டம் பெண்களின் கைத்திறனைத்தான் தேடித் தேடி எடுக்கிறது. சம்பளம் வருகிறது, நல்லது. யாரும் இதைக் குறையாகச் சொல்ல முடியாது. ஆனால் திண்ணையில் நாலு பெண்கள் முறத்தைச் சுற்றி உட்கார்ந்து பேசிக்கொண்டே பிதுக்கிய முற்பகல் இனித் திரும்பி வராது. ஆண்கள் அந்த முறத்தின் பக்கம் வந்து உட்கார்ந்ததாகவும் தெரியவில்லை.

எல்லைக்கு அந்தப் பக்கம் நடப்பதைப் பார்த்தால் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது. கன்னடத்தில் இதற்கு 'ஹிதிகித பேளே' என்று பெயர்; அங்கும் பிதுக்கிய பருப்பு என்பதுதான் பொருள். பச்சை அவரையில் பனிக்காலத்தில் ஊறும் ஒருவித எண்ணெய் மணத்துக்கு 'சொகடு' என்று தனிச்சொல்லே வைத்திருக்கிறார்கள். பெங்களூரில் ஜனவரி தோறும் பசவனகுடி, வி.வி. புரம் பக்கம் அவரைபேளே மேளா கூடுகிறது; தோசை, உப்பிட்டு, ஹோளிகே, ஜிலேபி வரைக்கும் அவரையிலேயே செய்து அடுக்குகிறார்கள். ஜிலேபி நமக்கு வேண்டாம். கவனிக்க வேண்டியது தெருவோரத்தில் இருக்கிறது. பெண்கள் உட்கார்ந்து பிதுக்கிக் குவித்து, எடை போட்டு விற்கிறார்கள். வேலைக்குப் போகிறவர் வீடு திரும்பும் வழியில் அரைக் கிலோ வாங்கிப் போய்க் கோழிக்கறி மாதிரியே அரை மணியில் குழம்பு வைத்துவிடலாம். பிதுக்கும் உழைப்புக்கு அங்கே ஒரு விலை இருக்கிறது. இங்கே அது இன்னும் அம்மாவின் கடமைக் கணக்கில்தான் இருக்கிறது.

சத்துக் கணக்கிலும் இந்தப் பருப்பு கறிக்கு எதிரே கூனிக் குறுக வேண்டியதில்லை. காய்ந்த மொச்சை, அவரை வகைகளில் 100 கிராமுக்குப் புரதம் 20 கிராமுக்கு மேல்; கொள்ளில் சுமார் 22. கறியிலும் கோழியிலும் எலும்பு போக ஏறக்குறைய அதே அளவுதான். கூடவே களி இருந்தால் இன்னும் விசேஷம். கேழ்வரகில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, மெத்தியோனின் உண்டு. அவரையில் மெத்தியோனின் குறைவு, லைசின் நிறைய. ஒன்றின் பள்ளத்தை மற்றது நிரப்புகிறது. களி உருண்டையைப் பிட்டுப் பிதுக்கம்பருப்புக் குழம்பில் தோய்த்து விழுங்கிய முன்னோர் அமினோ அமிலத்தைக் கண்டதில்லை, வயலைக் கண்டவர்கள். மானாவாரியில் ராகி வரிசைகளுக்கு நடுவே அவரையும் துவரையும் ஊடுபயிராக விதைத்தார்கள். ராகி அறுவடையான பிறகும் அவரை நின்று பனியில் பூத்துக் காய்த்தது. பகல் குறுகும்போதுதான் நாட்டு அவரை பூக்கும். மார்கழி, தை அதன் காலம். ஒரே வயலில் விளைந்தது ஒரே தட்டில் சேர்ந்தது.

அந்த வயலும் மாறுகிறது. மாந்தோப்பு ஏறிவிட்ட நிலத்தில் ராகிக்கு இடமில்லை. மிச்ச ராகியைத் தேடிக் காட்டோரக் கிராமங்களுக்குப் பனிக்காலத்தில் யானைகள் வருகின்றன; அவற்றுக்காவது பழைய ருசி மறக்கவில்லை. பக்கத்துத் தருமபுரி மாவட்டத்தில் 2023 முதல் ரேஷனில் அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு வாங்கிக்கொள்ளும் சோதனைத் திட்டம் வந்தது. ராகிக்கு ஒரு வழி பிறந்தது சரி. அதோடு கூடப் பிறந்த அவரைக்கு யார் வழி சொன்னார்கள்? சிறுதானியம் என்று மேடை போட்டுப் பேசுகிறவர்கள் தொட்டுக்கொள்ள என்ன என்பதை மறந்துவிடுகிறார்கள். களிக்குத் தொட்டுக்கொள்ளப் பருப்புக் குழம்பு இல்லாத வீட்டில் அந்த இடத்துக்குக் கோழிக் குழம்பு வந்தே தீரும்.

அவரை இல்லாவிட்டால் மீல்மேக்கர் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. எண்ணெய் எடுத்த சோயா மாவிலிருந்து செய்யும் அந்த உருண்டையில் 100 கிராமுக்கு 50 கிராமுக்கு மேல் புரதம். வெந்நீரில் போட்டுப் பிழிந்தால் பத்து நிமிடத்தில் தயார். பிள்ளைகள் கறி என்று நினைத்தே சாப்பிடுவார்கள். நேரமில்லாத வீட்டுக்கு அது கை கொடுக்கும் என்பதை மறுப்பதற்கில்லை. மழையில் நனைந்த பஞ்சைக் கடிக்கிற உணர்வு மட்டும் எந்த மசாலாவிலும் போவதில்லை.

வீட்டில் உண்மையில் பலிக்கிற வழி பழைய சமையலிலேயே ஒளிந்திருக்கிறது. அது கலப்பது. கருவாட்டுக் குழம்பில் மொச்சையும் கத்திரிக்காயும் போடுவது ருசிக்காக மட்டும் அல்ல, நாலு துண்டுக் கருவாட்டை எட்டுப் பேருக்கு எட்டவைக்கத்தான். கறிக்குழம்பிலும் அதே கணக்கு. முக்கால் கிலோ எடுக்கிற வீடு கால் கிலோ எலும்புக்கறி எடுத்து, மிச்ச இடத்தை ஊறவைத்த மொச்சையால் நிரப்பினால், சாறு முழுக்கக் கறி மணம். வாய்க்குள் போவதில் பாதிக்கு மேல் பருப்பு. யாரிடமும் அறிவிக்க வேண்டியதில்லை. அறிவித்தால்தான் சண்டை வரும். இரண்டு மாதம் கழித்துக் கறியின் அளவு தானாகக் குறைந்திருப்பதைப் பர்ஸ் சொல்லும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டியில், ஒருவருக்கு ஒரு நாளைக்குப் பருப்பு, முட்டை, இறைச்சி எல்லாம் சேர்த்தே 85 கிராம்தான். காய்கறி 400 கிராம். நம் ஞாயிற்றுக்கிழமைத் தட்டில் இந்த இரண்டு எண்களும் இடம் மாறிக் கிடக்கின்றன.

ஒரு மாற்றுக் கருத்தும் உண்டு. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு. கறியைக் குறை என்று யாரைப் பார்த்துச் சொல்கிறீர்கள் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேள்வி நியாயம்தான். முட்டையையும் தயிரையும் யாரும் எடுக்கச் சொல்லவில்லை. பி12 பருப்பில் கிடைக்காது. தவிர, கடைசியில் சட்டியை வழித்துச் சாப்பிடும் அம்மாவின் தட்டுக்கு முக்கால் கிலோவில் எத்தனை துண்டு வந்தது என்பதையும் எண்ணிப் பார்க்கலாம். மொச்சை கலந்த குழம்பில் அவருக்கும் அகப்பை நிறைய மிஞ்சும்.

மறுபடியும் விரல் கதைக்கு வருவோம், அதைத் தாண்டி இந்தப் பேச்சு நகர மறுக்கிறது. பிதுக்கிய பருப்பை உறையவைத்தால் மாதக்கணக்கில் கெடாது. தையில் காய் மலிந்து வரும்போது ஒரு ஞாயிறு உட்கார்ந்து பிதுக்கி, வேளைக்கு ஒரு பை என்று கட்டி ஃபிரீசரில் போட்டால் சித்திரை வரை ஷிஃப்ட் முடிந்து வரும் ராத்திரிகளுக்கு ஆகும். மகளிர் குழு ஒன்று சந்தையில் எடை போட்டு விற்க ஆரம்பித்தால் இன்னும் நல்லது. ஊறுகாய்க்கும் அப்பளத்துக்கும் கொடுக்கிற காசை இதற்கும் கொடுக்க ஆள் இருப்பார்கள். அதுவரை இருக்கிற கைகள் வீட்டுக் கைகள்தான். தனியாளுக்கு ஒரு மணி நேரம் ஆகிற பருப்பு, நாலு பேர் உட்கார்ந்தால் கால் மணி. சனிக்கிழமை ராத்திரி டிவி முன்னால் ஊறின கொட்டையும் ஒரு காலிக் கிண்ணமும் இருக்கட்டும். நாளைக்குக் கறி எடுக்கலியா என்று முதலில் கேட்பவர் யாரோ, அவர் பக்கமாகத் தள்ளிவைக்க வேண்டும். தை தாண்டினால் பச்சைக் காய் வரத்து குறைந்துவிடும். அப்புறம் காய்ந்த கொட்டைதான். அது ஊறவே ஒரு முழு ராத்திரி கேட்கும்.