முதுமையும் ரண சிகிச்சையும்

"எழுபதைத் தாண்டியவருக்கு இனிக் கத்தி எதற்கு?" புற்றுநோய் கண்ட முதியவரைக் குறித்து நம் காக்ஸ் டவுன் இல்லங்களில் இப்பேச்சு எழுவதுண்டு. வயது ஒன்றையே கொண்டு முடிவு கட்டுதல் முறையன்று என்பது நம் கருத்து. ஒத்த வயதினர் இருவரில் ஒருவர் ரண சிகிச்சையைத் தாங்குவார், மற்றவர் தளர்வார். இவ்வேற்றுமையை முன்னரே உணர்த்தும் குறிகள் சில சாதாரண இரத்தப் பரிசோதனையிலேயே கிடைக்கின்றன.

அவற்றுள் ஒன்று, கல்லீரல் உண்டாக்கும் ஆல்புமின் என்னும் புரதம். 100 மில்லிலிட்டர் இரத்தநீரில் அது 3.5 கிராமுக்குக் குறைந்தால் ஊட்டக்குறைவோ உள்ளழற்சியோ இருக்கக்கூடும். புண் ஆறுவதும் தாமதமாகலாம். 1984-இல் ஜப்பானிய டாக்டர் ஓனோடெராவும் குழுவினரும் ஒரு கணக்கு வகுத்தனர். ஆல்புமின் அளவைப் பத்தால் பெருக்கி, ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்திலுள்ள லிம்போசைட் அணுக்களின் எண்ணிக்கையை 0.005-ஆல் பெருக்கிக் கூட்டவேண்டும். ஆல்புமின் 3, அணுக்கள் 1000 எனில் விடை 35. அது 40-க்குக் கீழிருப்பின், குடலை வெட்டி இணைத்தல் தகாது என்றனர்.

இவ்வெண் தீர்ப்பன்று, எச்சரிக்கையே. நோய் இடங்கொடுத்தால், சில வாரம் நல்லுணவும் நடைப்பயிற்சியும் இரத்தசோகைக்கு மருந்தும் அளித்து உடலைத் தேற்றியபின் சிகிச்சை செய்யலாம்.

ஆகவே, நம் நகரில் 1973-இல் தோன்றிய கித்வாய் புற்றுநோய் நிலையத்துக்குச் சென்றாலும், வேறெங்குச் சென்றாலும், "ஆல்புமின் எவ்வளவு? ஹீமோகுளோபின் எவ்வளவு? உடலைத் தேற்ற அவகாசம் உண்டா?" என்று டாக்டரைக் கேளுங்கள். பெரியவரின் விருப்பத்தையும் கேட்டறியுங்கள். முடிவு அதன் பின்னரே ஆகட்டும்.