ஈம் (இங்கிலாந்து)

ஈம் என்பது இங்கிலாந்தின் டார்பிசயர் கவுண்டியில், பீக் மாவட்ட மலைப்பகுதியில் அமைந்துள்ள ஒரு சிற்றூர் ஆகும். 1665–66 இல் கொள்ளைநோய் (பிளேக்) தாக்கியபோது, அது அயலூர்களுக்குப் பரவாதிருக்க இவ்வூர் மக்கள் தம்மைத் தாமே தனிமைப்படுத்திக் கொண்டனர். இதனால் இது 'பிளேக் கிராமம்' என அழைக்கப்படுகிறது.

ஊரும் பங்கும்

1086 ஆம் ஆண்டின் டூம்ஸ்டே நிலக் கணக்கேட்டில் ஈம் இடம்பெற்றுள்ளது. வேளாண்மையும் ஈயச் சுரங்கத் தொழிலும் மக்களின் பிழைப்பாக இருந்தன. பங்கின் (பாரிஷ்) மையம் புனித லாரன்சு ஆலயம் ஆகும். அதன் வளாகத்தில் 8 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஆங்கிலோ-சாக்சன் கற்சிலுவை ஒன்று உள்ளது.

கொள்ளைநோய்

மரபுவழிச் செய்தியின்படி, 1665 கோடையின் இறுதியில் இலண்டனிலிருந்து தையற்காரர் ஒருவருக்கு வந்த துணியில் நோய்த்தொற்றுள்ள தெள்ளுப்பூச்சிகள் இருந்தன. தையற்காரரின் உதவியாளர் ஜார்ஜ் விக்கார்சு செப்டம்பர் 7 அன்று முதலில் இறந்தார்.

பங்குக் குரு வில்லியம் மாம்பசன் ஊருக்குப் புதியவர். மக்களின் நம்பிக்கையைப் பெற்றிருந்த முன்னாள் குரு தாமசு சுடான்லி, 1662 இல் அரசின் வழிபாட்டுச் சட்டத்தை ஏற்க மறுத்ததால் பதவி இழந்தவர். கொள்கையில் வேறுபட்ட இருவரும் இணைந்து 1666 சூனில் மூன்று முடிவுகளை மக்கள்முன் வைத்தனர்:

• இறந்தோரை அவரவர் குடும்பத்தினரே அடக்கம் செய்தல்
• ஆலயத்தை மூடிவிட்டு, கக்லட் டெல்ஃப் பள்ளத்தாக்கில் திறந்தவெளியில் வழிபடுதல்
• எவரும் ஊர் எல்லையைத் தாண்டாதிருத்தல்

டெவன்சயர் பிரபுவும் அயலூராரும் உணவுப் பொருள்களை எல்லையில் வைத்துச் சென்றனர். எல்லைக்கல்லின் குழிகளில் வினிகர் ஊற்றி, அதில் காசுகளை இட்டு மக்கள் விலை கொடுத்தனர்.

இழப்பு

1666 ஆகத்தில் எலிசபெத் ஆன்காக் என்ற பெண் எட்டே நாள்களில் தம் கணவரையும் ஆறு பிள்ளைகளையும் தாமே அடக்கம் செய்தார். மாம்பசன் தம் பிள்ளைகளை முன்னரே வெளியூருக்கு அனுப்பியிருந்தார். உடன் தங்கிய மனைவி கேத்தரின் ஆகத்து 25 அன்று இறந்தார். நவம்பரில் நோய் ஓய்ந்தது.

14 மாதங்களில் ஏறத்தாழ 260 பேர் இறந்ததாகப் பொதுவாகக் கூறப்படுகிறது. ஊரின் மக்கள்தொகை 350 என முன்னர் கருதப்பட்டது. பிற்கால ஆய்வுகள் ஏறக்குறைய 700 என மதிப்பிடுகின்றன. தனிமைப்படுத்தல் அயலூர்களைக் காத்தாலும், ஊருக்குள் இருந்தோரின் ஆபத்தைக் கூட்டியிருக்கலாம் என ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர்.

நினைவு

ஆண்டுதோறும் ஆகத்து கடைசி ஞாயிறன்று கக்லட் டெல்ஃபில் நினைவு வழிபாடு நடைபெறுகிறது. எல்லைக்கல்லும், ஆன்காக் குடும்பத்தினரின் கல்லறைகளும் இன்றும் காணக்கூடியனவாக உள்ளன.