என்பு மச்சையும் குருதிநோய்ச் சிகிச்சையும்

எம் முன்னோர் மனித உடல் எழுவகைத் தாதுக்களால் ஆயது எனக் கொண்டனர். அவ்வரிசையில் உதிரம் இரண்டாவது, மச்சை ஆறாவது. ஒன்றுக்கொன்று தொலைவில் நிற்கும் இவ்விரண்டும் உண்மையிற் சேயும் தாயும் போன்றவை. குருதிக் கலங்கள் பிறக்குமிடம் என்பினுள்ளே இருக்கும் மச்சையே என்பதைச் செருமானிய அறிஞர் ஏர்ணஸ்ட் நொய்மன் 1868ஆம் ஆண்டில் வெளியிட்டார்.

செங்குழியம் ஒன்றின் ஆயுள் ஏறக்குறைய 120 நாட்களே. ஆதலால், விநாடிதோறும் ஏறத்தாழ 20 இலட்சம் செங்குழியங்கள் புதிதாகத் தோன்றல் வேண்டும். செங்குழியம், வெண்குழியம், சிறுதட்டு ஆகிய மூன்றுக்கும் பிறப்பிடமாய், தம்மையும் பெருக்கிக்கொண்டு மச்சையில் உறைபவை மூலக்கலங்கள். இவை பழுதுற்று, ஏனைய மருந்துகளாற் பயன் விளையாதவிடத்து, அம்மச்சையை அழித்துப் பிறரது நன்மச்சையை ஏற்றுதலே மச்சை மாற்றுச் சிகிச்சையாகும்.

ஏற்றும் முறை வியப்புக்குரியது. நோயாளியின் உடலைக் கத்தியாற் கீறுவதில்லை. குருதி ஏற்றுவது போலவே மச்சையும் நாளத்தின் வழியே செலுத்தப்படும். மூலக்கலங்கள் தாமே வழிகண்டு என்பினுட் குடியேறி, இரண்டு முதல் நான்கு வாரங்களிற் புதுக்குருதியை ஆக்கத் தொடங்கும். கொடுத்தவரின் குருதி வகை வேறாயின், பெற்றவரின் குருதி வகையும் காலப்போக்கில் அதுவாகவே மாறிவிடும்.

ஆயின், இடர் யாது? சிறுநீரகம் போன்ற உறுப்பை மாற்றினால், உடலானது அவ்வுறுப்பைப் பகையெனத் தாக்கும். மச்சையிலோ, வந்தேறிய வெண்குழியங்களே உடலைத் தாக்கவுங் கூடும். விருந்தினன் வீட்டுக்குரியவனைத் துரத்துவது போன்றது இது. ஐக்கிய அமெரிக்காவில் டொனல் தோமஸ் 1957இல் அறிவித்த ஆறு நோயாளரும் நூறு நாட்களுக்குள் இறந்தனர். பலர் இம்முயற்சியைக் கைவிட்டனர், தோமஸ் கைவிடவில்லை. நாய்களில் ஆராய்ந்து, இழையப் பொருத்தமே வெற்றிக்கு அடிப்படை எனக் கண்டார். 1968இல் மினெசோற்றாவில், பிறவியிலேயே நோயெதிர்ப்பாற்றல் அற்ற ஆண்குழவி ஒன்று தமக்கையின் மச்சையாற் பிழைத்தது. 1990இல் தோமஸ் நோபெல் பரிசு பெற்றார்.

இழையக் குறிகளிற் பாதி தந்தை வழியும் பாதி தாய் வழியும் வருவன. எனவே உடன்பிறந்தார் ஒருவர் முற்றிலும் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்றே. பாதிப் பொருத்தமுள்ள பெற்றோரின் மச்சையும் இக்காலத்திற் பயன்படுகின்றதாயினும், பலர்க்கு அயலாரே துணை. உலகெங்கும் 4 கோடிக்கு மேற்பட்டோர் கொடையாளராகப் பதிவு செய்துள்ளனர். ஆனால் இழையக் குறிகள் மரபு வழிப்பட்டவை. ஓரினத்தார்க்குப் பொருத்தமானவர் பெரும்பாலும் அவ்வினத்திலேயே காணப்படுவர். பதிவு செய்தோர் குறைந்த இனத்தில் நோயுற்ற குழந்தை, மருத்துவம் இருந்தும் மருந்தின்றி நிற்கும்.

கொடுப்பவர் இழப்பதோ சிறிது. கொடுத்த மச்சை சில வாரங்களில் மீண்டும் நிரம்பிவிடும். அளித்தும் குறையாத செல்வம் கல்வி ஒன்றே என மாணவர்க்குக் கற்பித்து வருகிறோம். மச்சையையும் அதனுடன் சேர்த்தெண்ணுதல் தகும்.