சோப்பைத் தின்னும் தண்ணீர்

கடின நீரைக் கண்டு மிரள வேண்டியதில்லை. அதைக் காட்டி மிரட்டுபவர்களிடம்தான் எச்சரிக்கை தேவை.

பெங்களூரில் வாடகை வீடு தேடுபவர்கள் முன்பணத்தோடு சேர்த்து விசாரிக்கும் விஷயம் ஒன்று உண்டு: "காவிரியா, போர்வெல்லா?" சுமார் 100 கி.மீ. தொலைவிலிருந்து பம்ப் செய்யப்பட்டு வரும் காவிரி நீரில் சோப்பு எளிதில் நுரைக்கும். பாறை இடுக்குகளிலிருந்து உறிஞ்சப்படும் போர்வெல் நீரிலோ அதே சோப்பு திரிதிரியாகத் திரண்டு பக்கெட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும். நகரத்தோடு இணைக்கப்பட்ட 110 கிராமங்களுக்கான காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் 2024 அக்டோபரில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. அதுவரை அங்கே பலருக்குப் போர்வெல்லும் டேங்கர் லாரியும்தான் கதி.

மழையாக விழும்போது எல்லாத் தண்ணீரும் மென்னீர்தான். மண்ணுக்குள் இறங்கும்போது கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. பாறைகளில் உள்ள கால்சியம், மெக்னீசியத்தைக் கரைத்துக்கொள்கிறது. இந்த இரண்டும்தான் கடினத்தன்மைக்கு முக்கியக் காரணம். இவை சோப்போடு சேர்ந்து கரையாத கசடாகிவிடுவதால், முதலில் போடும் சோப்பு வீணாகிறது. பருப்பு வேகத் தாமதமாவதும், டீயின் மேல் ஆடை படிவதும் இதனால்தான்.

கடினத்தன்மையில் இரண்டு வகை. பைகார்பனேட்டுகளால் வருவது தற்காலிகமானது. கொதிக்க வைத்தால் வெள்ளைப் படிவமாக அடியில் தங்கிவிடும். கீசர் காயிலில் ஏறும் 'சுண்ணாம்பு' இதுதான். சல்பேட், குளோரைடுகளால் வருவது கொதிக்க வைத்தாலும் போகாது.

குடிநீரில் ஏற்கத்தக்க மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் என்கிறது இந்தியத் தர நிர்ணய அமைவனம். வேறு நீராதாரம் இல்லாதபோது 600 வரை அனுமதி உண்டு. உலக சுகாதார நிறுவனமோ, உடல்நலத்தின் அடிப்படையில் இதற்கு வரம்பு எதுவும் விதிக்கவில்லை. அதாவது, கடின நீர் பாத்திரத்துக்கும் பர்சுக்கும் எதிரி; உடலுக்கு விஷமல்ல.

வியாபாரம் சூடு பிடிப்பது இந்தக் குழப்பத்தில்தான். வீட்டு வாசலில் வந்து நிற்கும் விற்பனையாளர் குழாய் நீரில் இரண்டு உலோகக் கம்பிகளை இறக்கி மின்சாரம் பாய்ச்சுகிறார். நிமிடத்தில் நீர் சாக்கடை நிறமாகிறது. அவர் கொண்டுவந்த சுத்திகரித்த நீர் தெளிவாகவே இருக்கிறது. வீட்டார் பதறுகிறார்கள். உண்மையில் அந்த நிறம் நீரிலிருந்து வரவில்லை. கரையும் இரும்புக் கம்பியிலிருந்து வருகிறது. சுத்திகரித்த நீரில் உப்புகள் மிகக் குறைவு. மின்சாரம் சரியாகப் பாய்வதில்லை, அவ்வளவுதான்.

டி.டி.எஸ். மீட்டரும் முழு உண்மையைச் சொல்வதில்லை. அது கரைந்துள்ள எல்லா உப்புகளையும் சேர்த்தே மதிப்பிடுகிறது. 'சாஃப்ட்னர்' கருவி கால்சியத்தை எடுத்துவிட்டு சோடியத்தை விடுகிறது. அதனால் துணி வெளுக்கும், கீசர் பிழைக்கும். ஆனால் மீட்டரில் எண் அநேகமாகக் குறையாது. உப்பைக் குறைக்கச் சொல்லி மருத்துவர் அறிவுறுத்தியவர்கள் அந்த நீரைக் குடிக்காமலிருப்பது நல்லது. சாஃப்ட்னர் ஃபுளோரைடையோ நைட்ரேட்டையோ கிருமிகளையோ அகற்றாது என்பது அதைவிட முக்கியம்.

ஆர்.ஓ. கருவி உப்புகளை அகற்றும். ஆனால் வீட்டுக் கருவிகள் பல, ஒரு லிட்டர் நல்ல நீருக்கு இரண்டு மூன்று லிட்டரை வெளியே தள்ளுகின்றன. டி.டி.எஸ். 500க்குக் கீழே உள்ள இடங்களில் இவற்றைத் தடை செய்யும்படி தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2019இல் உத்தரவிட்டது. விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது.

மென்னீரிலும் வில்லங்கம் உண்டு. மிகவும் மென்மையான நீர் உலோகக் குழாய்களை அரிக்கும்.

வீட்டிலேயே எளிய சோதனை செய்யலாம். ஒரு பாட்டிலில் குழாய் நீர், இன்னொன்றில் மழை நீர். இரண்டிலும் ஒரே அளவு சோப்புச் சீவலைப் போட்டுக் குலுக்கினால் வித்தியாசம் தெரிந்துவிடும். சலவைத்தூள் கூடாது, அது கடின நீரிலும் நுரைக்கும். கெட்டிலில் படிந்த சுண்ணாம்புக்கு எலுமிச்சைச் சாறோ வினிகரோ போதும். கீசரின் வெப்பத்தைக் குறைத்து வைத்தால் படிவமும் குறையும்.

ஆயிரக்கணக்கில் செலவழித்துக் கருவி வாங்கும் முன் தண்ணீரை ஆய்வுக்கூடத்தில் கொடுத்து மொத்தக் கடினத்தன்மை, ஃபுளோரைடு, நைட்ரேட், கிருமிகள் பற்றித் தனித்தனியே கேட்டு வாங்குவதே புத்திசாலித்தனம். எந்தக் கருவி தேவை, அல்லது எதுவுமே தேவையில்லையா என்பதை அந்தக் காகிதம் சொல்லிவிடும்.